மூன்று ஒயினும் ஒரு நனைந்த குடையும்

பிரான்சின் போர்தோ ஒயினை மனதார விரும்பிக் குடித்தவர் தலைமேல் போர்தோவின் தூறல் விழும் என்பதும், ரோன் ஒயினை விரும்பியவரைச் சுற்றி ரோன் பள்ளத்தாக்கின் காற்று வீசும் என்பதும், புர்கோஞ் ஒயினை விரும்பியவர் புர்கோஞ்சின் பனிமூட்டத்துக்குள்தான் நடந்துபோக வேண்டும் என்பதும் இன்றைக்குப் புதுச்சேரி கப்பல்காரர் வீதியில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எங்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் முப்பது வருஷமாக அந்த நாலு கிழவர்களையும் வேலையில்லாமல் குடிக்கிறவர்கள் என்று பேசியிருக்க மாட்டோம், பேசியிருந்தாலும் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்போம்.

அந்த நாலு பேருக்கும் ஒரு சங்கம் இருந்தது. சங்கம் என்றதும் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். தனிஸ்லாஸ் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் பிரான்சு தேசத்தின் படம், வாசலில் ‘பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் ரசனைச் சங்கம்’ என்று ஒரு பலகை, அவ்வளவுதான். தனிஸ்லாஸ் பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம், போர்தோ பக்கத்தில் ஓர் உணவுக் கிடங்கில் சாவி வைத்திருந்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தா. அப்படித் திரும்பிய சிப்பாய்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம், கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் பொறாமையுமாக. எழுபத்து நாலு வயது, கஞ்சி போட்ட சட்டை, நெஞ்சில் பதக்கம் இல்லாவிட்டாலும் இருப்பதுபோல ஒரு நடை. ஊரே அவரைப் பிரெஞ்சுக்காரர்கள் ஐயாவுக்குச் சொல்கிற மாதிரி முசே என்றுதான் கூப்பிடும், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். மற்ற மூன்று பேர் இரும்புக் குண்டு எறிந்து ஆடும் பெத்தாங் ஆட்டத்தில் கோப்பைகள் வாங்கிய சவரிராயன், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற கப்ரியேல், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மரியசூசை. மூன்று பேரும் பிரான்சைச் சுவரில் மட்டும் பார்த்தவர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நாலு மணி, மூன்று புட்டி. புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டுக் குடித்தால் நாக்கு பொய் சொல்லும் என்று தனிஸ்லாஸ் வைத்த சட்டப்படி, புட்டிகளுக்கு அவருடைய பழைய ராணுவக் காலுறைகளை, கம்பளியில் பின்னிய காக்கி நிறக் காலுறைகளை, கழுத்துவரை இழுத்து மாட்டிவிடுவார்கள். எது எந்த ஊர் ஒயின் என்று யாருக்கும் தெரியாது. தலைவர் முதலில் புட்டியை எடுத்து ஆசையோடு தடவுவார், ஊற்றுவார், கோப்பையைச் சுழற்றுவார், மூக்கை உள்ளே நுழைப்பார், ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டுவார். துப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது, ஆனால் அதைச் சங்கம் முதல் மாதமே ஒருமனதாகக் கைவிட்டுவிட்டது. அவர் தீர்ப்புச் சொல்லும்வரை மற்றவர்கள் உதட்டை நனைக்கக் கூடாது. சொன்ன பிறகு மூவரும் குடித்து, “அதேதான் முசே” என்பார்கள்.

தீர்ப்பும் முப்பது வருஷமாக ஒரே மாதிரிதான். போர்தோ என்றால் கறுப்பாக ஒரு பழம், சீவிய பென்சில், மழையில் நனைந்த தோல்பெட்டி. புர்கோஞ் என்றால் செர்ரிப் பழம், காளான், காட்டுத் தரை. ரோன் என்றால் மிளகும் புகையும். கேக்குக்கு மேலே வைக்கிற சிவப்புச் சர்க்கரை உருண்டையைத் தவிர வேறு செர்ரியைக் கண்டிராத மூவரும் தலையாட்டுவார்கள். புர்கோஞ்சில் நளினம் உண்டு, ரோனில் முறுக்கு உண்டு, இருந்தாலும் போர்தோ போர்தோதான் என்று தலைவர் முடித்துவைப்பார். போர்தோ போர்தோதான் என்று மூவரும் எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்காருவார்கள். பிறகு பின்கட்டிலிருந்து அவர் மனைவி அமலோற்பவம் மீன் கட்லெட் தட்டைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவாள். திரையைத் தாண்டி அவள் வந்ததில்லை, வரச் சொன்னவர்களும் இல்லை.

அந்த ஞாயிறும் எல்லாம் அப்படியேதான் நடந்தது. சவரிராயனின் மகன் பாரீசிலிருந்து பெட்டிக்குள் லுங்கிகளுக்கு நடுவே பத்திரமாகக் கொண்டுவந்த மூன்று புட்டிகளும் தீர்ந்தன, போர்தோ போர்தோதான் என்று எழுந்து நின்றார்கள், கட்லெட் வந்தது. சவரிராயன் வாசலில் செருப்பை மாட்டக் குனிந்தபோது பிடரியில் சொட்டு விழுந்தது. மாடியில் யாரோ துணி பிழிகிறார்கள் என்று நினைத்தார். தனிஸ்லாஸ் வீட்டுக்கு மாடி கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தெருவில் இறங்கினார், தூறலும் இறங்கியது. நின்றார், நின்றது. ஒரு குடை அகலத்துக்கு, அவருக்கு மட்டும், பூமாதிரி ஒரு மழை. அவருக்குப் பின்னால் வந்த கப்ரியேலின் வேட்டி காற்றில் தலைக்குமேல் போனது. மரியசூசையைக் காணவில்லை, தேடிப் பார்த்தால் அவர் அங்கேயேதான், மார்கழி விடியலைவிடக் குளிர்ந்த ஒரு வெண்மூட்டத்துக்குள் நின்று இருமிக்கொண்டிருந்தார்.

வேறு தெருவாக இருந்தால் ஏன் எப்படி என்று கேட்டுக் காலத்தைப் போக்கியிருப்பார்கள். எங்களுக்கு அன்றைக்குத்தான் கத்திரி தொடங்கியிருந்தது, வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது, இதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் நாங்கள் கேட்டோம். திங்கட்கிழமை காலையிலேயே மீன்காரி அந்தோனியம்மாள் மரியசூசையின் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் கூடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தாள். பத்து மணிக்கு வாடிப்போகிற வஞ்சிரம் அன்று மாலைவரை கண் விழித்துக் கிடந்தது. சாயங்காலம் கடற்கரையில் அவர் காற்று வாங்கப் போனால், கல்லூரிப் பிள்ளைகள் ஜோடியாக வந்து, ஐயா, கொஞ்சம் எங்கள் பக்கத்தில் உட்கார முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். நாற்பது வருஷம் ஒழுக்கம் போதித்த வாத்தியார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து கொடுத்தார்.

கப்ரியேலைப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். விளக்குக் கம்பத்துக்கும் அவர் நாற்காலிக்கும் இடையே கொடி கட்டிவிட்டால் ஈரப் புடவை பத்து நிமிஷத்தில் மொடமொடப்பாகும். செவ்வாய் எங்கள் பக்கம், புதன் எதிர்ப்பக்கம், வியாழன் வடகம் காயப்போடுகிறவர்களுக்கு. இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் கரி கண்டபடி கனிகிறது என்று சண்டைக்கு வந்தார். அந்தக் காற்றில் கப்ரியேல் தன் மனைவியிடம் ரகசியமாகச் சொன்னதெல்லாம் காற்றடிக்கும் திசையில் நாலு வீடு தாண்டிக் கேட்டது, அதற்காகவே நாலாவது வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சியை அணைத்துவைத்தார்கள்.

சவரிராயனுக்குத்தான் அழைப்பு அதிகம். சுட்டுப் பொரிகிற மொட்டைமாடிகளில் அவரை மெதுவாக நாலு சுற்று நடக்கவிட்டால் கீழே வீடு குளிர்ந்துவிடும். வங்கியில் காகிதம் நனைகிறது என்று அவரை உள்ளே விடவில்லை. அவர் மனைவி செராபின் அவரைப் பின்வாசல் முருங்கைக்கடியில் படுக்கப் போட்டாள், முருங்கை பூத்துத் தள்ளியது. பெத்தாங் ஆட்டத்தில் தரை நனைவதால் குண்டு உருளவில்லை என்று எதிரணி புகார் கொடுக்க, ஆட்டக்குழு மூன்று நாள் கூடிப் பேசி, வானிலை என்பது ஆட்டக்காரரின் உடம்பில் ஒரு பாகம் என்று தீர்மானம் போட்டது. வானிலை பார்க்கிற ஓர் இளைஞன் கருவிகளோடு வந்தான், நாற்பத்தொரு டிகிரி என்று எழுதினான், பிறகு கருவியைச் சரிபார்க்க வேண்டும் என்று சவரிராயனை ஒட்டி இரண்டு மணி நேரம் நின்றான். பங்குச் சாமியார், ஒயின் சம்பந்தப்பட்ட அற்புதமானபடியால் ஆயரைக் கேட்காமல் தான் வாய் திறக்க மாட்டேன் என்றார். பீடத்து மெழுகுவர்த்திகள் அணைந்துவிடுவதால் கப்ரியேல் மட்டும் வெளியே நின்று பூசை காணலாம் என்றார்.

இதில் சங்கடப்பட்டது கப்ரியேலும் மரியசூசையும்தான். முப்பது வருஷம் எழுந்து நின்று போர்தோ போர்தோதான் என்று சொன்னவர்கள், இப்போது ஒருவர் ரோன் காற்றோடும் ஒருவர் புர்கோஞ் மூட்டத்தோடும் பட்டப்பகலில் நடமாட வேண்டியிருந்தது. கப்ரியேல் தலைவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

“என் நாக்கு இத்தனை நாளா என்கிட்டயே சொல்லலை முசே,” என்றார்.

தனிஸ்லாஸ் பெருந்தன்மையாக மன்னித்தார். மன்னித்துவிட்டு, மேசைமேல் பறந்த காகிதங்களைக் கையால் அமுக்கிக்கொண்டு, தன் தலைக்குமேல் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

ஏனென்றால் தனிஸ்லாசுக்கு ஒன்றும் வரவில்லை. மூன்று புட்டியிலும் முதல் வாய் குடித்தவர் அவர்தான், தீர்ப்புச் சொன்னவரும் அவர்தான், ஆனால் தலைக்குமேல் புதுச்சேரி வெயில் மட்டும்தான் இருந்தது. உங்கள் வானிலை எங்கே முசே என்று நாங்கள் உண்மையான அக்கறையோடுதான் கேட்டோம். போர்தோவின் உயர்ந்த ரகங்களில் தூறல் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது என்றார். மறுநாள் காலை ரொட்டிக் கடைக்கு அவர் கறுப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். குடை நனைந்திருந்தது, விளிம்பிலிருந்து சொட்டியது. பாதி வழியில் காய்ந்துவிட்டது, அதனால் அவர் வேகமாக நடந்தார். நாங்கள் மழை நல்லா இருக்கா முசே என்று விசாரித்தோம், அவரும் நல்லா இருக்கு என்றார். நம்பினோமா என்று கேட்டால், ஒரு மனிதர் அவ்வளவு கஷ்டப்பட்டுக் குடை பிடிக்கும்போது நம்பாமல் இருப்பது மரியாதை இல்லை.

அமலோற்பவத்துக்கு அந்த மரியாதை தேவைப்படவில்லை. தினம் காலை புருஷன் குளியலறைக்குக் குடையோடு போவதை, உள்ளே குவளைச் சத்தம் கேட்பதை, நனைந்த குடையோடும் காய்ந்த சட்டையோடும் வெளியே வருவதை அவள் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் வந்தது இவருக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று யோசித்தாள். குடித்தும் வரவில்லை என்றால் குடித்ததன் ருசி தெரியவில்லை என்று அர்த்தம். அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. அன்றைக்குக் கொதித்துக்கொண்டிருந்த மீன் குழம்பில் அவள் உப்புப் போடவில்லை.

தனிஸ்லாஸ் பிசைந்து சாப்பிட்டார். “கச்சிதம் அமலோ,” என்றார்.

இந்தக் கச்சிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாள் முதல் தனிஸ்லாசைப்போல் சாப்பாட்டில் குறை சொல்கிறவர் எங்கள் தெருவில் இருந்ததில்லை. உப்புக் கம்மி, புளி ஜாஸ்தி, வெங்காயம் வதங்கவில்லை, பிரான்சில் சிறைச்சாலையில்கூட இதைவிட நன்றாகப் போடுவார்கள் என்பார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து ஒன்பது நாள் படுத்தார். எழுந்த பிறகு ஆள் மாறிவிட்டார். எதை வைத்தாலும் கச்சிதம். ரசம் கச்சிதம், கஞ்சி கச்சிதம். நோய் வந்து மனுஷன் திருந்திவிட்டார் என்று அமலோற்பவம் எங்களிடம் சொல்லி அழுதாள், ஞாயிறு தவறாமல் பூசை முடிந்ததும் கோயிலை ஒட்டிக் குகைமாதிரி கட்டியிருக்கும் மாதா கெபிக்குப் போய் அதற்கு நன்றியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எட்டு வருஷத்து ஞாயிறு எத்தனை என்று மரியசூசை வாத்தியாரைக் கேட்டால் சொல்வார். காய்ச்சல் இறங்கிப் போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அவர் ருசி போனது அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த எட்டு வருஷத்தில்தான் அவள் நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொண்டதாக நினைத்திருந்தாள், இனி எதற்கும் பயமில்லை என்று நினைத்திருந்தாள், அந்தக் கச்சிதங்களை எல்லாம் ஒன்றுவிடாமல் மனதில் சேர்த்துவைத்திருந்தாள். அவை எல்லாம் காற்றோடு போயின. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் உப்பே இல்லாமல் சமைத்தாள், தனக்கு மட்டும் ஊறுகாய் வைத்துக்கொண்டாள், அவர் வாரம் முழுவதும் கச்சிதம் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் கெபிப் பக்கம் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்தாள்.

ருசி தெரியாதவர் எட்டு வருஷம் எப்படித் தீர்ப்புச் சொன்னார் என்றால், விரலால் சொன்னார். போர்தோ புட்டிக்குக் கழுத்துக்குக் கீழே சிப்பாய் மாதிரி நிமிர்ந்த தோள் உண்டு. புர்கோஞ்சுக்கும் ரோனுக்கும் தோள் சரிந்திருக்கும். காலுறைக்கு மேலாகத் தடவினாலே கிடங்கில் வேலை பார்த்த கைக்கு அது புரிந்துவிடும். சரிந்த தோள் இரண்டில் எது எது என்று தெரியாதபோது கப்ரியேலின் முகத்தைப் பார்ப்பார். ரோன் வாசம் எழும்பும்போது கப்ரியேலின் மூக்கு தன்னையறியாமல் ஓர் அங்குலம் முன்னால் போகும். இந்த வித்தையில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை, அதில் அவருக்கு ரகசியமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மே முடியும்போது வானிலைகள் நைந்துவிட்டன. தூறல் வியர்வை மாதிரி ஆகிவிட்டது, காற்று விசிறியைவிட மோசம், மரியசூசை எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஆரம்பித்துக் கடற்கரைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கத்திரி முடிந்ததாகக் காலண்டர் சொன்னது, வெயிலுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. ஜூன் முதல் ஞாயிறுக்காகத் தெருவே காத்திருந்தது. மூன்று புட்டி கடையில் வாங்கியாயிற்று. அதற்கு முன்தினம் செராபின் காலுறைகளைத் துவைத்துக் கப்ரியேலின் கொடியில் போட்டாள். நைந்துபோன காற்றுக்குக் கடைசியாக ஒரு வேகம் வந்தது எப்படியோ, மூன்று காலுறைகளும் கூரைகளுக்குமேல் எழும்பிக் கடல் பக்கம் போனதைச் சவரிராயனும் நாங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

உறையில்லாமல் வைத்தால் பெயர் தெரிந்துவிடும். ஒயினைச் சொம்பில் ஊற்றிவைத்தால் என்ன என்று கப்ரியேல் யோசனை சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து அமலோற்பவம் தன் கல்யாணச் சீர் எவர்சில்வர் சொம்புகள் மூன்றை, அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றேபோல் இருந்த மூன்றை, உடனே எடுத்து நீட்டினாள். புருஷன் மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் அவள் நீட்டினாள், அதை அவளே பின்னால் எங்களிடம் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு நாலு மணிக்குச் சன்னல் முழுக்க நாங்கள்தான். வாசலில் குடங்கள், கொடிக்கயிறு, மீன் கூடை, எல்லாம் வரிசையாகத் தயார். முன்னறையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தனிஸ்லாஸ் முதல் சொம்பைக் கையில் எடுத்தார். தடவினார். உருண்டையான வயிறு, தோள் என்று ஒன்றுமில்லை. இரண்டாவது சொம்பையும் மூன்றாவதையும் தடவினார். கப்ரியேலைப் பார்த்தார், ரோன்மேல் ஆசை வைத்த பழைய தவறு நடந்துவிடக் கூடாதென்று கப்ரியேல் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தார். தனிஸ்லாஸ் ஊற்றினார், சுழற்றினார், ஒரு வாய் எடுத்து உருட்டினார், விழுங்கினார். இன்னொரு முறை கப்ரியேலைப் பார்த்தார், கைக்குட்டை இறங்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வரும்வரை அந்த அறையில் யாரும் எதையும் தொட முடியாது. மூன்றில் ஒரு பெயரைச் சும்மா சொல்லியிருக்கலாம், மூவரும் அதேதான் முசே என்றிருப்பார்கள்.

அவருடைய கட்டைவிரல் சொம்பின் விளிம்புக்குக் கீழே எதிலோ இடறி நின்றது. கடையில் பொளிந்து கொடுத்த எழுத்து, அமலோற்பவம் என்ற பெயர். நாற்பத்தாறு வருஷமாகத் தண்ணீர் குடித்த சொம்பில் அந்த எழுத்துகளை அன்றைக்குத்தான் தடவிப் பார்ப்பவர்போல ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார்.

“அமலோ,” என்றார், “எனக்கு ஒண்ணும் தெரியலை.”

திரைக்குப் பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது.

“காய்ச்சல்லேருந்து எனக்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. இதுவும் தெரியலை, உன் குழம்பும் தெரியலை.”

திரை விலகியது. அமலோற்பவம் கட்லெட் தட்டோடு நின்றாள்.

“பின்ன ஏன் எட்டு வருஷமா கச்சிதம் கச்சிதம்னீங்க?”

“நல்லா இல்லைன்னா ஏன்னு கேப்ப. நல்லா இருக்குன்னா யாரும் ஏன்னு கேக்கறதில்லை.”

அமலோற்பவம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாரக்கணக்காகத் தயாராக வைத்திருந்த வசவுகள் எல்லாம் அவளிடம் இருந்தன. கஞ்சி போட்ட சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது, குடை மூலையில் காய்ந்து கிடந்தது, அவர் ஒரு பிள்ளையைப்போல அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தார். அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. தட்டை மேசைமேல் வைத்தாள், அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள், முப்பது வருஷத்தில் முதல்முறையாக மேசையருகில் நின்று குடித்தாள்.

“இது வாயைக் கவ்வுது,” என்றாள். “நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி. இப்ப முரட்டுத்தனமா இருக்கு, விட்டுவச்சா ருசி ஏறும். காடி ஊத்தி வைக்கிற விந்தாலிக் கறி மாதிரி, மறுநாள்தான் இதுக்கு ருசி.” அடுத்த சொம்பிலிருந்து ஊற்றிக் குடித்தாள். “இது மெல்லிசு. ரசத்துல மேலாக எடுத்த தெளிவு. முதல் மழைக்கு மண்ணு வாசம் வருமே, அது இருக்கு. வாயில நிக்கிற மாதிரி தெரியலை, ஆனா போகவும் மாட்டேங்குது.” மூன்றாவதைக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினாள். “மிளகு. அம்மியில தட்டின மிளகு. வெயில்ல நல்லாக் காஞ்ச ஏதோ பழம். இது சத்தம் போட்டுப் பேசற ஆளு.”

காளானும் தோல்பெட்டியும் பென்சிலும் முப்பது வருஷம் விளக்காததை மூவரும் அந்த நிமிஷம் விளங்கிக்கொண்டார்கள். தீர்ப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை. சவரிராயன் நாவற்பழத்துக்கும், மரியசூசை மண் வாசத்துக்கும், கப்ரியேல் மிளகுக்கும் கை நீட்டினார்கள். எழுந்து நின்று எதையும் சொல்லவில்லை. வாசலில் குடங்கள் நிரம்பத் தொடங்கின, கொடிகள் படபடத்தன. அமலோற்பவம் முதல் சொம்பிலிருந்து தனக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள், அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது, அதை முடித்துவிட்டுக் கீழே வைத்தபோது அவள் கொண்டையில் தூறல் விழுந்தது.

தலைவர் பதவியைத் தனிஸ்லாஸ் அன்றே விட்டார். அந்த நாற்காலியை அமலோற்பவத்துக்குக் கொடுக்கலாமா என்று சங்கம் யோசித்து முடிப்பதற்குள் அவள் அதில் உட்கார்ந்து கட்லெட் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். வீட்டில் அதன்பிறகு சாப்பாட்டு நேரம் இரண்டு மடங்காகிவிட்டது. அவள் ஒவ்வொரு கவளத்துக்கும் இது இப்படி, அது அப்படி என்று சொல்வாள், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி மெல்லுவார்.

அடுத்த ஞாயிறு இருவரும் பூசைக்குப் புறப்பட்டார்கள். கல்யாணமான நாள்முதல் தனிஸ்லாஸ் மனைவிக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார், அன்றும் பழக்கதோஷத்தில் அப்படியே நடந்தார். காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் அமலோற்பவம் தன் தூறலுக்குள் சில்லென்று வந்துகொண்டிருந்தாள். அவர் நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். அவர் ஓட்டமும் நடையுமாகப் போய் அவளோடு சேர்ந்துகொண்டார். ஒரு குடை அகலத்துக்குள் இரண்டு பேர் என்றால் ஒட்டித்தான் நடக்க வேண்டும், அதனால் ஒட்டித்தான் நடந்தார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே வரச் சொன்னாள், அவர் வலது தோள் காய்கிறதாம்.

பூசை முடிந்து அவள் கெபிப் பக்கம் திரும்பினாள். பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்தாள், பிளாஸ்டிக் உறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி தூறலில் அணைந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் அணைந்தன. வெளியே நின்று பூசை கண்ட கப்ரியேல் உதவிக்கு வந்தார், அவரைத் தூரப் போகச் சொன்னாள். தீப்பெட்டியைப் புருஷனிடம் நீட்டினாள். தனிஸ்லாஸ் தூறலை விட்டு இரண்டடி வெளியே போனார், வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார், ஒரே உரசலில் பற்றவைத்தார். சங்கத்து ஆட்களில் அதைச் செய்யக்கூடிய கை அவருடையது மட்டும்தான்.

“இது எதுக்கு?” என்று கேட்டார்.

“நீங்க திருந்தினதுக்கு. போன ஞாயித்துக்கிழமைதான் திருந்துனீங்க. முன்ன ஏத்தினதெல்லாம் வீண்.”

மெழுகுவர்த்தியை மாதாவின் காலடியில் தூறல் எட்டாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, அவர் திரும்பி வந்து அவள் பக்கத்தில் நின்று நனைந்தார். வீட்டுக்கு நடக்கும்போது மதியத்துக்கு என்ன என்று கேட்டார். விந்தாலி, காடி கொஞ்சம் தூக்கலாக விழுந்துவிட்டது என்றாள். பார்த்து ஊற்றக் கூடாதா, பிரான்சில் சிறைச்சாலையில்கூட இதைவிட நன்றாகப் போடுவார்களே என்று தனிஸ்லாஸ் எரிந்து விழுந்தார். அமலோற்பவம் வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.